நகர மையத்தில் ஒரு தெருவைத் தாண்டினால் வேறு ஊர் மாதிரி ஆகிவிடுகிறதே, ஏன்?

#1 நடைவழி

வணக்கம் நண்பர்களே. மூன்று வருடமாக மனதில் கிடக்கும் கேள்வி இது.

நான் வேலை பார்க்கும் நகரத்தின் மையப் பகுதியில் தினமும் மதியம் அரை மணி நேரம் நடப்பேன். அங்கே ஓர் அகலமான தெரு. சுற்றியுள்ள தெருவெல்லாம் நூல் பிடித்தாற்போல் நேராகப் போக, இது மட்டும் லேசாக வளைந்து போகும். இதற்கு மேற்கே அச்சகம், பைண்டிங் கடை, ரப்பர் ஸ்டாம்ப் செய்பவர், பூட்டு ரிப்பேர், மாடியில் துணி காயும் வீடுகள். கிழக்கே பளபளவென்று கண்ணாடி ஆபீஸ்கள். அதே வெயில், அதே பஸ் ரூட், ஒரே வார்டு. ஆனால் கிழக்கே கால் வைத்ததும் என் நடை தானாக வேகம் பிடிக்கிறது. மேற்கே போனால் தானாக மெதுவாகிறது. இத்தனைக்கும் கிழக்குப் பக்கம்தான் சுத்தம், நிழலும் அதிகம்.

இப்போது கேட்பதற்குக் காரணம் உண்டு. நகர மையத்தின் ஒவ்வொரு பகுதிக்கும் 'தனி அடையாளம்' கொடுக்கப்போகிறார்களாம். அலங்கார வளைவு, பழைய பாணி விளக்குக் கம்பம், பகுதிக்கு ஒரு வண்ணம். அடுத்த மாதம் கருத்துக் கேட்புக் கூட்டம். ஏற்கெனவே ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம் இருக்கும்போது இது எதற்கு என்று தோன்றுகிறது, ஆனால் அந்தக் குணம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் எனக்குப் பதில் இல்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 சங்கிலி அளவு

தம்பி, நான் நில அளவையில் 27 வருடம் இருந்தவன். ஒரு வேலை செய்யுங்கள். அந்த வளைவுத் தெருவில் 100 தப்படி நடந்து, மேற்குப் பக்கம் எத்தனை வாசல், கிழக்குப் பக்கம் எத்தனை வாசல் என்று எண்ணுங்கள். ஜன்னல் கணக்கில்லை. ஷட்டர் மூடியிருந்தாலும் அது ஒரு வாசல்தான். எண்ணிவிட்டு வாருங்கள், பிறகு பேசுவோம்.

#3 புத்தகப்புழு

குணம் என்பது அங்கே நடக்கும் தொழிலில் இருந்து வருகிறது என்பதுதான் என் எண்ணம். டோக்கியோவில் ஜிம்போச்சோ என்று பழைய புத்தகக் கடைகளுக்கென்றே ஒரு வட்டாரம். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பக்கத்தில் கல்லூரிகள் வந்தன, மாணவர்கள் வந்தார்கள், அவர்கள் படித்து முடித்து விற்ற புத்தகங்களுக்குக் கடைகள் வந்தன. அங்கே பிரதான சாலையில் நடந்தபோது ஒன்று கவனித்தேன். கடைகள் பெரும்பாலும் சாலையின் தெற்குப் பக்கத்திலேயே, வடக்கு பார்த்து இருக்கின்றன. கடைக்காரர் ஒருவரிடம் சைகையும் அரைகுறைப் பேச்சுமாகக் கேட்டேன். வாசலில் தள்ளுவண்டியில் அடுக்கியிருந்த புத்தகம் ஒன்றை எடுத்து, அதன் முதுகுப் பட்டையை விரலால் தடவிக் காட்டி, வானத்தைக் காட்டிக் கையை ஆட்டினார். வெயில் பட்டால் அட்டை வெளுத்துப்போகும். வடக்கு பார்த்த கடைக்கு நேர் வெயில் கிடையாது. ஒரு தெருவின் ஒரு பக்கம் மட்டும் புத்தகமாக இருப்பதற்குக் காரணம் அவ்வளவுதான்! திட்டம் போட்டு யாரும் வைத்ததில்லை.

ஒரே பொருள் விற்பவர்கள் ஏன் பக்கத்தில் பக்கத்தில் உட்காருகிறார்கள் என்பதும் இதோடு சேர்ந்ததுதான். லண்டனில் ஹாட்டன் கார்டன் முழுக்க நகை. ஒரு கடையில் இல்லாத கல்லை அடுத்த கடையில் வாங்கி வாடிக்கையாளருக்குக் கொடுப்பார்கள். பட்டை தீட்டுபவர், பதிப்பவர், மெருகு போடுபவர் எல்லாம் நடந்துபோகும் தூரம். ஒருவர் தனியாக வேறு பேட்டைக்குப் போனால் இத்தனையும் போய்விடும். உங்கள் மேற்குப் பக்கத்து அச்சகமும் பைண்டிங் கடையும் ரப்பர் ஸ்டாம்பும் இதே கதையாகத்தான் இருக்கும். ஒருவரிடம் போகும் ஆள் மற்ற இருவரிடமும் போகிறவர்.

#4 நடைவழி

@சங்கிலி அளவு ஐயா, எண்ணிவிட்டேன். மேற்கே 31. கிழக்கே 4. அந்த நாலிலும் ஒன்று பார்க்கிங்கிற்கு இறங்கும் சரிவு. இன்னொன்று அவசர வழி, வெளிப்பக்கம் கைப்பிடியே கிடையாது. மனிதர் நுழையும் வாசல் என்றால் இரண்டுதான்.

இத்தனை நாள் நடந்தும் இதைப் பார்க்கவில்லையே என்று இருக்கிறது.

#5 சங்கிலி அளவு

அதுதான் தம்பி விஷயம். 31 வாசல் என்றால் 31 பேர் காலையில் திறக்கிறார்கள், 31 பேர் வாசலைப் பெருக்குகிறார்கள், நீங்கள் போகும்போது யாராவது ஒருவர் தலை தூக்கிப் பார்க்கிறார். கண்ணுக்கு ஒவ்வொரு மூன்று நாலு தப்படிக்கும் புதிதாக ஏதோ கிடைக்கிறது. அதனால்தான் கால் மெதுவாகிறது. கிழக்கே பார்க்க ஒன்றும் இல்லை, கடந்து போக வேண்டியதுதான்.

ஏன் அங்கே 31, இங்கே 4? மனை அளவு. கட்டடம் இடியும், கடை மாறும், மனைக் கோடு சுலபத்தில் மாறாது. லண்டனில் 1666 பெருந்தீயில் நகரமே எரிந்தது. புதிய திட்டம் என்று பெரிய பெரிய வரைபடங்கள் போட்டார்கள். கடைசியில் பெரும்பாலும் பழைய தெருக்கோட்டிலேயே திரும்பக் கட்டினார்கள், ஏனென்றால் அவரவர் மனை அவரவருக்கு வேண்டும். இன்றைக்கும் அங்கே கண்ணாடிக் கோபுரங்களுக்கு நடுவில் பழைய காலத்துச் சந்துகள் நெளிகின்றன.

நியூயார்க்கில் மன்ஹாட்டனுக்கு 1811இல் நேர்கோட்டுத் தெருத்திட்டம் போட்டார்கள். 25 அடி அகலம், 100 அடி ஆழம் என்ற மனை அங்கே வழக்கமானது. ஆனால் கிரீனிச் வில்லேஜ் அதற்கு முன்பே தன் போக்கில் வளர்ந்திருந்தது, அதன் தெருக்கள் சாய்ந்தபடியே நின்றுவிட்டன. வரைபடத்தை எடுத்துப் பாருங்கள்: மேற்கு 4ஆம் தெரு, மேற்கு 10ஆம் தெருவையும் 11, 12ஆம் தெருக்களையும் வெட்டிக்கொண்டு போகும். நேர்கோட்டுத் திட்டத்தில் நடக்கவே முடியாத காரியம். புதிதாக வருபவர் வழி தவறுவார். அங்கே இருப்பவருக்கு அது தன் பேட்டை என்ற உரிமை வரும்.

சியாட்டிலில் இன்னும் நேரடியாகத் தெரியும். 1853இல் பக்கத்துப் பக்கத்து நிலக்காரர்கள் தெருக்கோடு போட உட்கார்ந்தார்கள். மேனார்ட் திசைகாட்டியைப் பார்த்து வடக்கு தெற்காகப் போட்டார். டென்னியும் போரனும் கரையோரத்தை ஒட்டிச் சாய்வாகப் போட்டார்கள். விட்டுக்கொடுக்கவில்லை. அந்தக் கோடுகள் மோதும் இடத்தில் இன்றைக்கும் தெருக்கள் ஒடிந்து திரும்புகின்றன, முக்கோண மனைகள் விழுகின்றன. ஊரின் பழைய மையமான பயனியர் சதுக்கம் இருப்பது அங்கேதான்.

பிளாக்கின் நீளமும், அதாவது ஒரு குறுக்குத் தெருவிலிருந்து அடுத்த குறுக்குத் தெரு வரை உள்ள தூரமும், முக்கியம். சால்ட் லேக் சிட்டியில் ஒரு பக்கம் 660 அடி, அதாவது எங்கள் 66 அடி அளவைச் சங்கிலிக் கணக்கில் சரியாகப் பத்துச் சங்கிலி. போர்ட்லாந்தில் 200 அடி. சால்ட் லேக்கில் ஒரு பிளாக்கைக் கடக்கும் நேரத்தில் போர்ட்லாந்தில் இரண்டு மூன்று மூலை வந்துவிடும். மூலை என்றால் கடைக்காரனுக்கு இரண்டு பக்கமும் முகப்பு.

உங்கள் கிழக்குப் பக்கம் பெரிய மனையாக இருப்பதற்கு ஒரு காரணம் இருக்கும். எல்லாம் நேராக இருக்கும் இடத்தில் ஒரு தெரு மட்டும் வளைகிறது என்றால் எனக்குச் சந்தேகம். தண்ணீர் ஓடிய இடமாக இருக்கலாம், தண்டவாளம் போன இடமாக இருக்கலாம். பழைய சர்வே வரைபடம் எங்காவது கிடைக்கிறதா பாருங்கள்.

#6 இரவு ஷிப்ட்

எல்லோரும் பகலை வைத்துப் பேசுகிறீர்கள். நான் ஆறு வருடம் ஒரு வங்கிப் பேட்டையில் இரவுக் காவல் பார்த்தவன். அங்கே ஒரு பகுதியின் குணத்தை மாலை ஆறரைக்கு மேல்தான் தெரிந்துகொள்ள முடியும். ஆறு மணிக்கு லிப்ட் கதவு மூடவே நேரமிருக்காது. ஏழு மணிக்கு நான் நாற்காலியை நகர்த்தினால் அந்தச் சத்தம் எதிர்க் கட்டடத்தில் பட்டுத் திரும்பி வரும். ரோட்டு சிக்னல் யாருக்கும் இல்லாமல் சிவப்பும் பச்சையுமாக மாறிக்கொண்டிருக்கும். ஒரு ராத்திரி எனக்கு நெஞ்சு வலி வந்தது. ஓடிப்போய்க் கூப்பிட ஒரு வீடு இல்லை, ஒரு மருந்துக் கடை திறந்திருக்கவில்லை. நாலு தெரு தள்ளி நடந்த பிறகுதான் ஜன்னலில் வெளிச்சம் பார்த்தேன். அந்த வெளிச்சத்தை இன்னும் மறக்கவில்லை.

லண்டனில் 'சிட்டி' என்ற வங்கிப் பேட்டையில் 2021 கணக்கெடுப்பின்படி குடியிருப்பவர்கள் சுமார் 8,600 பேர்தான், பகலில் வேலைக்கு வருபவர்கள் 5 லட்சத்துக்கு மேல். இது ஒரு முனை. இன்னொரு முனையில் இருப்பவை வீடு, கடை, பட்டறை மூன்றும் கலந்த பேட்டைகள். ஒரு கூட்டம் உள்ளே போகும்போது இன்னொரு கூட்டம் வெளியே வரும். உங்கள் மேற்குப் பக்கம் மாடியில் துணி காய்கிறது என்று எழுதினீர்களே, அந்தத் துணிதான் எனக்குப் பெரிய விஷயம். இரவில் அங்கே ஆள் இருக்கிறார்கள்.

லாஸ் ஏஞ்சல்ஸில் 1999இல் ஒரு விதி கொண்டுவந்தார்கள். நகர மையத்தில் காலியாகக் கிடந்த பழைய ஆபீஸ், வங்கிக் கட்டடங்களை வீடாக மாற்றுவதை எளிதாக்கினார்கள். அதற்குப் பிறகுதான் அந்தத் தெருக்களில் இரவு ஜன்னல் வெளிச்சம் பெருகியது.

#7 ஏட்டுச்சுவடி

இரவு ஷிப்ட் அண்ணா, படிக்கும்போதே பயமாக இருந்தது. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் சொன்ன பகல், இரவு வேறுபாடு நம் இலக்கியத்தில் பெயரோடு இருக்கிறது. மதுரைக்காஞ்சியில் நாளங்காடி, அல்லங்காடி இரண்டும் வரும். பகல் சந்தைக்கு ஒரு பெயர், இரவுச் சந்தைக்கு ஒரு பெயர். நேரம் மாறினால் இடத்தின் குணமும் மாறும் என்று அந்தப் பெயர்களே சொல்கின்றன.

என்னை அதைவிடக் கட்டிப்போட்டது சிலப்பதிகாரம். இந்திர விழவூரெடுத்த காதையில் புகார் நகரத்தை இரண்டு பாக்கமாகப் பிரித்துக் காட்டுகிறார் இளங்கோவடிகள். கடல் பக்கம் மருவூர்ப்பாக்கம்: பண்டசாலைகள், மான் கண் போன்ற சாளரம் வைத்த மாளிகைகள், யவனர் இருப்பிடம், பட்டு நெய்யும் காருகர், மீன் விற்போர், உப்பு விற்போர், தையல் வேலை செய்யும் துன்னகாரர். உள்ளே பட்டினப்பாக்கம்: அரச வீதி, தேர் வீதி, பெருவணிகர் மாட வீதி, மறையோர் இருப்பிடம், மருத்துவர், காலக் கணிதர். ஒரே நகரம்தான். ஒரு பக்கம் உழைப்பின் சத்தம், மறு பக்கம் அதிகாரமும் செல்வமும்.

இரண்டுக்கும் நடுவில் என்ன இருந்தது என்பதைக் கவனியுங்கள். இரு பெரும் வேந்தர் மோதும் போர்க்களத்துக்கு அந்த இடைநிலத்தை உவமை சொல்கிறார். ஆனால் அங்கே இருந்தது போர்க்களம் இல்லை. நெருங்கிய மரங்கள் நின்ற சோலை, மரத்தடியில் நாளங்காடி. வாங்குவோர் குரலும் விற்போர் குரலும் ஓயாத இடம். இரண்டு குணம் சந்திக்கும் கோட்டில் சுவர் வைக்கவில்லை, சந்தை வைத்தார்கள். நடைவழி சொல்லும் வளைவுத் தெருவை நினைத்தால் எனக்கு இந்த வரிகள்தான் ஞாபகம் வருகின்றன. அது இரண்டு பக்கத்துக்கும் பொதுவான இடமா, இல்லை வெறும் எல்லையா?

#8 செங்கல்

ஏட்டுச்சுவடி அக்கா, எல்லை பற்றிச் சொன்னதற்கு நேர் எதிர் உதாரணம் பாஸ்டன். 1950களில் நகர மையத்துக்குக் குறுக்கே மேம்பாலச் சாலை கட்டினார்கள். நார்த் எண்ட் என்ற இத்தாலியர் பேட்டை ஒரு பக்கம், நகரத்தின் மற்ற மையப் பகுதிகள் மறு பக்கம் என்று துண்டானது. பாலத்தடி இருட்டைத் தாண்டித்தான் போக வேண்டும். பிறகு அந்தச் சாலையைப் பூமிக்கடியில் கொண்டுபோய், மேலே இருந்ததை இடித்து, 2008இல் பூங்காவாகத் திறந்தார்கள். அரை நூற்றாண்டு ஆனது அந்தக் காயத்தைத் தைக்க. பக்கத்திலேயே இருந்த வெஸ்ட் எண்டுக்கு அந்த வாய்ப்பும் கிடைக்கவில்லை. 'சேரி' என்று முத்திரை குத்தி 1950களின் கடைசியில் தரைமட்டமாக்கினார்கள். ஆயிரக்கணக்கான குடும்பங்கள் சிதறின.

#9 வாடகைதாரர்

மன்னிக்கவும், எல்லோரும் குணம் குணம் என்று உருகுகிறீர்கள். அந்தக் குணத்துக்கு வாடகை கொடுப்பவன் யார்?

நியூயார்க் சோஹோவை எடுத்துக்கொள்ளுங்கள். 19ஆம் நூற்றாண்டின் வார்ப்பிரும்பு முகப்புக் கட்டடங்கள். இரும்புத் தூண் பாரம் தாங்குவதால் சுவரைக் குறைத்துப் பெரிய ஜன்னல் வைக்க முடிந்தது, உள்ளே குறுக்குச் சுவர் இல்லாத நீண்ட தளங்கள். துணிக் கிடங்கும் பட்டறையும் இருந்த இடம். தொழில்கள் வெளியேறியதும் காலியானது. அந்தப் பகுதிக்குக் குறுக்கே விரைவுச் சாலை போடும் திட்டம் வேறு தலைக்கு மேல் தொங்கியதால் யாரும் பணம் போடவில்லை. வாடகை தரைக்கு வந்தது. ஓவியர்களும் சிற்பிகளும் அந்தப் பெரிய தளங்களுக்குச் சட்டத்துக்குப் புறம்பாகவே குடிவந்தார்கள். 1969இல் சாலைத் திட்டம் கைவிடப்பட்டது. 1971இல் கலைஞர்கள் அங்கே வசிப்பதைச் சட்டபூர்வமாக்கினார்கள். 1973இல் பாரம்பரியப் பகுதி என்று அறிவித்தார்கள். எல்லாம் நல்லதுதான். அதன் பிறகு என்ன ஆனது? விலை உயர்ந்த துணிக் கடைகள் வந்தன, பணக்காரர்கள் வந்தார்கள், பெரும்பாலான ஓவியர்கள் வாடகை கட்ட முடியாமல் போனார்கள். முகப்பு அப்படியே இருக்கிறது, அழகாக வண்ணம் அடித்திருக்கிறார்கள். அந்த முகப்புக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தவர்கள் இல்லை.

நானும் ஒரு பழைய பேட்டையில் சின்னப் பட்டறை வைத்திருந்தேன். அங்கே விளக்குக் கம்பம் வந்த இரண்டாவது வருடம் வாடகையை இரண்டு மடங்காக்கினார் கட்டடக்காரர். லேத் மெஷினைக் கழற்றி லாரியில் ஏற்றிய அன்று எதிர்க் கடைக்காரர் ஷட்டரை இழுத்துவிட்டு வந்து கூடவே தூக்கினார். அடையாளம் கொடுக்கிறோம் என்று யாராவது சொன்னால் எனக்கு அந்த லாரிதான் கண்ணில் வருகிறது. நடைவழி, கூட்டத்தில் முதலில் வாடகையைப் பற்றிக் கேளுங்கள்.

#10 செங்கல்

வாடகைதாரர் சொன்னதில் எனக்கு மறுப்பே இல்லை. கிரீனிச் வில்லேஜில் குடியிருந்து நகரங்களைப் பற்றி எழுதிய ஜேன் ஜேக்கப்ஸ் 1961இலேயே இதைச் சொல்லிவிட்டார். ஒரு பகுதி உயிரோடு இருக்க நாலு வேண்டும் என்றார்: பல வகைப் பயன்பாடு, குட்டையான பிளாக், பழையதும் புதியதும் கலந்த கட்டடங்கள், போதுமான மக்கள் நெருக்கம். அதில் மூன்றாவது முழுக்க வாடகை பற்றியது. புதுக் கட்டடத்தின் வாடகையைப் பூட்டு ரிப்பேர்க்காரரால் கொடுக்க முடியாது. பழைய கட்டடம் இருந்தால்தான் அவர் இருப்பார்.

ஆனால் முகப்பு எல்லாம் வேஷம் என்பதுபோல ஒதுக்குவதை ஏற்க முடியவில்லை. சான் பிரான்சிஸ்கோவில் 1906 நிலநடுக்கத்தைத் தொடர்ந்த தீயில் சைனாடவுன் எரிந்து போனது. மையத்தில் விலை மதிப்புள்ள நிலம் அது. சீனர்களை ஊருக்கு வெளியே அனுப்பிவிட வேண்டும் என்று நகரப் பெரிய மனிதர்கள் முயன்றார்கள். சீன வணிகர்கள் முந்திக்கொண்டு, அமெரிக்கக் கட்டடக்கலைஞர்களை வைத்தே, வளைந்த கூரையும் கோபுரமுமாகக் கட்டினார்கள். வெள்ளையர் மனதில் இருந்த 'சீனா'வையே முகப்பாக வைத்துத் தங்கள் நிலத்தைக் காப்பாற்றிக்கொண்டார்கள். அது அலங்காரம்தான். ஆனால் அங்கே வாழ்பவர்கள், அங்கேயே தொடர்ந்து வாழ்வதற்காக வைத்த அலங்காரம். யார் வைக்கிறார்கள் என்பதில் இருக்கிறது வித்தியாசம்.

விதி போட்டும் குணம் வரவழைக்கலாம், சரியான இடத்தில் போட்டால். சிங்கப்பூரில் 1822இல் ராஃபிள்ஸ் காலத்து விதி: கடை வீடுகளின் முன்னால் தொடர்ச்சியாக, மேலே கூரை போட்ட நடைபாதை விட வேண்டும். 'ஐந்தடிப் பாதை' என்று அதற்குப் பெயர். வண்ணம் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மழையில் நனையாமலும் வெயில் படாமலும் நடக்க வழி கிடைத்தது, அந்த நிழலில் தையல்காரர், செருப்புத் தைப்பவர், முடிவெட்டுபவர் எல்லாம் உட்கார்ந்தார்கள்.

#11 வாடகைதாரர்

ஐந்தடிப் பாதையை ஒப்புக்கொள்கிறேன். அதைப் போல ஒன்று வந்தால் நானே முதல் ஆளாகக் கைதூக்குவேன். இந்த அலங்கார வளைவுக்கும் கம்பத்துக்கும் இல்லை.

#12 நடைவழி

நண்பர்களே, பத்து நாள் கழித்து வருகிறேன். சங்கிலி அளவு ஐயா சொன்னபடி பழைய வரைபடம் தேடினேன். பொது நூலகத்தில் துணியில் ஒட்டிய ஒரு படம் கிடைத்தது. மடிப்பு மடிப்பாகக் கிழிந்திருந்தது, நூலகர் அக்கா இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டார்.

தண்டவாளம்தான் ஐயா. நிலையத்திலிருந்து பிரிந்து சரக்குக் கொட்டகைக்குப் போன கிளைப் பாதை. அதன் வளைவுதான் இன்றைய தெரு. கிழக்குப் பக்கம் முழுவதும் ரயில்வே சரக்கு யார்டு, படத்தில் ஒரே மனையாக, நடுவில் கோடே இல்லாமல் கிடக்கிறது. மேற்கே ஒட்டி ஒட்டிக் கோடுகள், சீப்புப் பல் மாதிரி. எண்ணினேன், நான் நடந்த அந்த நீளத்தில் 29 மனை. காகிதம் சரக்கு ரயிலில் வந்து இறங்கியிருக்கிறது, அதனால்தான் எதிரே அச்சகங்கள். என்னோடு நின்று பார்த்த நூலகர் அக்காதான் இதைக் கண்டுபிடித்தார். கொட்டகை மேல் 'காகிதக் கிடங்கு' என்று பொடி எழுத்தில் இருந்தது.

#13 சங்கிலி அளவு

29 மனையில் 31 வாசல். யாரோ இரண்டு பேர் முன்பக்கத்தைப் பிரித்து வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். வேறு ஒன்றும் மாறவில்லை. படத்தின் நகல் எடுத்தீர்களா தம்பி?

#14 நடைவழி

எடுத்தேன் ஐயா, கூட்டத்துக்கு அதைத்தான் கொண்டுபோகிறேன். மூன்று கேள்வி எழுதி வைத்திருக்கிறேன். மேற்குப் பக்கத்து மனைகளை ஒன்றாகச் சேர்த்துப் பெரிதாகக் கட்ட அனுமதி கொடுப்பீர்களா? மாடி வீடுகளுக்கும் அச்சகங்களுக்கும் வாடகை ஏறினால் என்ன பாதுகாப்பு? கிழக்குப் பக்க ஆபீஸ்களின் தரைத்தளத்தில், தெருவைப் பார்த்துச் சின்னச் சின்னக் கடைகளுக்கு வாசல் திறக்க விதி போட முடியுமா? நாலாவதாக ஏட்டுச்சுவடி அக்காவுக்காக ஒன்று சேர்த்திருக்கிறேன்: வளைவுத் தெரு தேவைக்கு மேல் அகலம், வாரத்தில் ஒரு நாளாவது அதில் மரத்தடிச் சந்தை வைக்கலாமா?

நேற்று பைண்டிங் கடைக்காரரிடம் நகலைக் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு பசைக் கையைத் துடைத்துக்கொண்டு என்னை வாசலுக்குக் கூட்டிவந்து, நடைபாதை ஓரத்தில் காலால் மண்ணைத் தள்ளிக் காட்டினார். தார் பெயர்ந்த இடத்தில் ஒரு முழம் நீளத்துக்கு இரும்பு தெரிந்தது. "இது என்னவோ குழாய்னு நினைச்சிட்டிருந்தேன், சார்" என்றார்.